மூத்தார் வாங்கித் தந்த கரும்புச்சாறு

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வெளியே வர என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒரு மாத்திரை, ஒரு டானிக், அதுவும் இல்லையென்றால் ஒரு ஊசி, ஏதாவது ஒன்று கிடைத்தால்தான் வைத்தியம் பார்த்ததாக அவர் ஒப்புக்கொள்வார். கள்ளக்குறிச்சியில் மகளுக்கு ஸ்கேன் எடுத்து, ரத்தம் கொடுத்து, டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "மருந்து எதுவும் வேண்டாம்" என்று சொன்னபோது, மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஒரு டானிக்காச்சும் எழுதிக் குடுங்க மேடம். நைனார்பாளையத்துக்கு அந்தாண்டேர்ந்து வர்றோம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மகளுக்கு அப்போது பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை படிந்திருந்தது. அழுக்கென்று நினைத்து நான் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். டாக்டரம்மா முதலில் பார்த்ததே அந்தக் கழுத்தைத்தான். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இந்த வயதுக்கு இது அதிகம் என்றார்.

அவர் சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம். குளிர்பானம், பழச்சாறு, பிஸ்கட், பேக்கரிப் பண்டம் எதுவும் கூடாது. பழத்தைக் கடித்துத் தின்னலாம், பிழிந்து குடிக்கக் கூடாது. பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம், வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டும். தினமும் வேர்க்க வேர்க்க ஓடி விளையாட வேண்டும். பச்சிலை, வேர், நாட்டு மருந்து என்று எதையும் உள்ளே தள்ளக் கூடாது, ஈரல் ஏற்கெனவே சுமக்க முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வர வேண்டும்.

"இப்பப் பிடிச்சா ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிடும். விட்டுட்டீங்கன்னா இறுகிப் போகும். இறுகினதை யாராலயும் இளக்க முடியாது."

மகள் பக்கத்திலேயே நின்று, வயிற்றில் ஒட்டியிருந்த ஸ்கேன் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் திரும்பும்போது என் காதருகில் வந்து, "இறுகிப் போச்சுன்னா செத்துடுவனா மா?" என்று கேட்டாள். வாயை மூடு என்று அதட்டினேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

வீட்டு வாசலில் மூத்தார் நின்றுகொண்டிருந்தார். கணவரின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மூத்தார் என்போம். பக்கத்து வீட்டில் இருக்கிறார். மனைவி தவறிவிட்டாள், பிள்ளை கிடையாது. மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நிலம் இருவருக்கும் பொது, அத்தனையும் கரும்புக் கொல்லை. என் மகள் அவருக்கு உயிர்.

ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையில்லை, வழக்கம் அப்படி. தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் நிற்கக் கூடாது, அவரும் அவளை முகம் பார்த்துப் பேசக் கூடாது. இலையைப் போட்டுச் சோற்றை வைத்துவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். குழம்பு வேண்டுமென்றால் அவர் காற்றைப் பார்த்து, "குழம்பு" என்பார். மற்ற சேதியெல்லாம் மகள் மூலமாகத்தான் போகும், வரும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள்தான் இரண்டு வீட்டுக்கும் தபால்காரி. 'உங்கம்மாகிட்ட சொல்லு', 'பெரியப்பாகிட்ட சொல்லு', இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் வளர்ந்தாள். இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள்.

"இன்னாவாம் பாப்பாவுக்கு?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஈரல்ல ஏதோ படிஞ்சிருக்குதாம்ணே. மருந்து கெடையாதுன்ட்டாங்க."

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் செத்துப்போனது. மகளைப் பக்கத்தில் இழுத்து, கீழ் இமையை விரலால் இறக்கிக் கண்ணுக்குள் பார்த்தார். பாசத்தில் ஏதோ செய்கிறார் என்று நினைத்து நான் உலை வைக்கப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து சமையலறை என் கைக்கு வந்தது. அதுவரை மட்டும் யார் கையில் இருந்தது என்று கேட்கலாம். அதுவரை நான் சமைத்தேன், அவ்வளவுதான். என்ன சமைப்பது என்பதை நாக்குகள் முடிவு செய்தன. இப்போது நான் முடிவு செய்தேன். காலையில் கேழ்வரகுக் களி அல்லது முட்டையும் பயறும். மதியம் அரிசிச் சோறு ஒரு கரண்டி, காய் மூன்று கரண்டி. ராத்திரிக்குச் சாமை. கல்வராயன் மலைக்காரர்கள் கள்ளக்குறிச்சிச் சந்தைக்குக் கொண்டுவரும் சாமையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டேன். டீயில் சர்க்கரை நின்றது. வீட்டுக்காரர் முதல் வாரம் டீக்கடையில் குடித்துவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

எதிர்ப்பு மூத்தாரிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். கறிக்குழம்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அறியாதவர் அவர். அவரோ களியை ஒரு வார்த்தை பேசாமல் உருட்டி விழுங்கினார். நான்காம் நாள் மகள் வந்து, "மா, குழம்புக்கு எண்ண ஊத்தித் தாளிக்க வேணாமாம், உப்பயும் கம்மி பண்ணச் சொல்றாரு பெரியப்பா" என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. டாக்டர் சொன்னதற்கு ஒரு படி மேலே போகிறாரே இந்த மனிதர் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். "பாத்து கத்துக்குங்க." அவர் பதில் பேசவில்லை. அவர் பேசாததற்கு ஒரு காரணம் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில். ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்து போகச் சொன்னேன். தெருமுனைப் புளியமரம் போய்ச் சேரும் வரை நின்று பார்ப்பேன். அதற்கப்புறம் பாதை திரும்பிவிடும். சாயங்காலம் வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கயிறு தாண்ட வேண்டும், தெருப் பிள்ளைகளோடு ஓட வேண்டும். முதலில் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அண்டா என்று கூப்பிட்டார்கள். நான் வெளியே போய் இரண்டு பேருடைய காதைத் திருகியதும் சேர்த்துக்கொண்டார்கள். ஓடினால் மூச்சு வாங்கும். கன்னமெல்லாம் சிவந்து, வியர்வை ஒழுக, "இன்னும் எவ்ளோ நேரம் மா?" என்று கேட்பாள். நிறுத்து என்று சொல்ல வாய் வரை வந்துவிடும். சொன்னதில்லை.

நான் வீட்டிலேயே ரவிக்கை, பாவாடை தைக்கிறவள். மகளின் யூனிபார்மில் உள்தையலைத் தாராளமாக விட்டுத்தான் தைப்பேன், ஒவ்வொரு பருவத்துக்கும் பிரித்துவிட வேண்டியிருக்கும். இந்த முறை சுருக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று ஆசையோடு டேப்பை வைத்தேன். இடுப்பு இறங்கவில்லை. அடுத்த வாரமும் இறங்கவில்லை. அதற்கடுத்து வைத்தபோது ஒரு விரல் ஏறியிருந்தது. டேப் பொய் சொல்லாது. இத்தனை களியும் கீரையும் எங்கே போகின்றன? அவள் பையைக் குடைந்தேன். மிட்டாய்க் காகிதம்கூட இல்லை. பேக்கரிக்குப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கூட்டாளிகள் டப்பாவில் தின்கிறாயா என்று கேட்டேன். "இல்ல மா, சத்தியமா நீ குடுக்கறதத்தான் துன்றேன்" என்று அழுதாள். நான் நம்பவில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தால் பொய் சொல்கிற கண்ணாகவும் இல்லை. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது எனக்கு.

மூன்று மாதம் முடிந்து போனோம். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார். பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏறியிருக்கும்மா. குறையலைன்னாகூடப் பரவாயில்லை. ஏறியிருக்கு. வீட்டுல யாரோ எதையோ குடுக்குறாங்க."

"சத்தியமா இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக உயர்ந்தது.

அவர் என்னை விட்டுவிட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் போவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். மகள் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். தண்ணீர், சர்க்கரை போடாத பால், களி, முட்டை.

"அப்புறம் மருந்து. அப்புறம் ஸ்கூலு" என்றாள்.

"என்ன மருந்து?"

"கரும்புச்சாறுங்க. பெரியப்பா வாங்கித் தருவாரு. குளுக்கோஸ் கலந்து, பெரிய கிளாஸ்ல."

"தினமுமா?"

"தினமும். லீவு நாள்லயும். மருந்த வுடக் கூடாதுன்னுட்டு."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் வழி முழுக்க மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். மெல்ல மெல்ல வெளியே வந்தது. புளியமரத்துத் திருப்பத்தில் மூத்தார் மொபெட்டோடு காத்திருப்பார். மகளை ஏற்றிக்கொண்டு, மெயின்ரோடு பிரிகிற கூட்ரோட்டுக்குப் போவார். அங்கே சாறு பிழிகிற தள்ளுவண்டிக்காரனிடம் நம் கொல்லைக் கரும்பையே வெட்டிக் கொடுத்து வைத்திருக்கிறார். ஐஸ் போடாமல் பிழிந்து, குளுக்கோஸைக் கலக்கிக் குடிக்கவைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் விளையாட்டு முடிந்ததும் அவர் வீட்டில் இன்னொரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அண்ணன் சொல்லுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஈரலுக்கு நல்லதுதானே. காமாலக்கு எல்லாரும் அதானே குடுப்பாங்க."

"காமாலன்னு யாரு சொன்னது?"

"ஈரல்ல வர்றது காமாலதானே, இன்னா கேக்குற நீ?"

எனக்குச் சுருக்கென்றது. உப்பைக் குறைத்தது, தாளிதம் வேண்டாமென்றது, இமையை இறக்கிப் பார்த்தது, நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எங்கள் பக்கத்தில் மஞ்சள்காமாலை வந்தால் உப்பு, எண்ணெய் கிடையாது, கரும்புச்சாறும் குளுக்கோஸும் உண்டு, படுத்தே கிடக்க வேண்டும். மூத்தார் மூன்று மாதமாக என் பத்தியத்தைக் காமாலைப் பத்தியம் என்று நம்பி, அதில் நான் விட்டுவிட்ட பாதியைத் தன் பங்குக்கு நிறைவேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். என் மகளோ அதை மருந்தென்று கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்கிறாள்.

பிறகு வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார். அவர்களுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். ஒரே கோடையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் காமாலை வந்ததாம். அண்ணனைக் கல்வராயன் மலைக்கு வேர் மருந்துக்குத் தூக்கிப்போனார்களாம். சின்னப் பிள்ளைதானே, பிறகு பார்க்கலாம் என்று தங்கையை வீட்டில் விட்டுப் போனார்களாம். அண்ணன் பிழைத்து மலையிறங்கி வந்தபோது அவள் இல்லை. நான் அந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டு இத்தனை வருஷமாகியும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டதும் மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் இளகுவதற்கு அது நேரமில்லை.

"இன்னிக்கே அவருகிட்ட வெவரமா சொல்லிடுங்க" என்றேன். தலையாட்டினார்.

சாயங்காலம் மூத்தார் சாப்பிட உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது இது: "ஜாஸ்தியாயிட்டுதாம்ணே. சாறு சரிப்படலயாம்."

அவ்வளவுதான் விவரம். அண்ணனுக்கு எதிராக வாய் திறந்து பழக்கமில்லாத நாக்கு அதற்கு மேல் புரளவில்லை. மூத்தார் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பொறுக்க முடியாமல் மகளைக் கூப்பிட்டுத் தள்ளிவிட்டேன். "போய், இனிமே சாறு, குளுக்கோசு எதுவுமே வேணாம்னு அம்மா சொல்லிச்சுன்னு சொல்லு."

அவள் போய்ச் சொன்னாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரி, சாறு வேணாம். வேற பாத்துக்கலாம்னு சொல்லு உங்கம்மாகிட்ட."

வேற என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். எதைக் கேட்பதென்றாலும் இன்னொரு தபால் அனுப்ப வேண்டும். மகள் களைத்திருந்தாள். விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரர் விடியலிலேயே கரும்பு லாரியோடு ஆலைக்குப் போய்விட்டார். பெரியப்பாவோடு கொல்லைக்குப் போய் நடந்துவிட்டு வருகிறேன் என்று மகளும் கிளம்பினாள். களி கிண்டி முடித்தும் அவள் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி கோலத்தைப் போட்டுக்கொண்டே, "மலைக்குப் போறாங்களாமே? வெறும் வயித்தோட இட்டுக்கினு போவணுமாம், பச்சத்தண்ணிகூட குடுக்கலன்னு சொல்லிக்கினு போனாரு" என்றாள்.

வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. ஆலை வரிசையில் நின்றால் அவருக்கு உலகமே தெரியாது. மூத்தாரின் போன் எங்கள் வீட்டு அலமாரியிலேயே சார்ஜில் கிடந்து மினுக்கியது. அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு ஓடினேன். கள்ளக்குறிச்சியில் இறங்கினால் வெள்ளிமலைப் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. கதவில் தொங்கித்தான் ஏறினேன்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கப்புறம் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. முன்னால் போகிற மொபெட் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அந்த மருந்தில் என்ன வேர், என்ன இலை, யாருக்கும் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். ஈரல் சுமக்க முடியாமல் சுமக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே இருந்தது. இறுகினதை யாராலும் இளக்க முடியாது. பக்கத்தில் பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதைவிட, என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. நான் அந்த மனிதரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மாமா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வராத வார்த்தையாக இருந்தது.

காமாலைக்கு மருந்து கொடுக்கிற இடம் என்று கேட்டதும் நடத்துநரே இறங்க வேண்டிய பிரிவில் விசிலடித்தார். சாமைக் கொல்லை ஓரமாக ஒற்றையடிப் பாதை. நடந்தேனா ஓடினேனா தெரியாது. கூரை வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாக ஒரு இளைஞன் சுவரில் சாய்ந்து கிடந்தான். மருந்து கொடுக்கிறவர் கல்லுரலுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் என் மகள், கையில் பச்சைக் குழம்பாக ஏதோ ஊற்றிய தம்ளர். தோளைப் பிடித்துக்கொண்டு மூத்தார்.

"குடிக்காத" என்றேன்.

மகள் தம்ளரை இறக்கினாள். மூத்தார் என்னைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுப்புத் துண்டை அவிழ்த்து மார்பை மூடிப் போட்டுக்கொண்டார். அந்த அவசரத்திலும் பழக்கம் போகவில்லை.

"உங்கம்மாவ வூட்டுக்குப் போவச் சொல்லு. மருந்து குடிச்சுட்டு வந்துடுவோம்னு சொல்லு" என்றார் மகளிடம்.

"பாப்பாகிட்ட சொல்ல வேணாம். என்னப் பாத்துச் சொல்லுங்க மாமா."

முற்றம் திரும்பிப் பார்த்தது. நிறுத்திவிட்டால் அப்புறம் பேச முடியாது என்று தொடர்ந்து பேசினேன். "இவளுக்குக் காமால இல்ல மாமா. கண்ணு மஞ்சளா இல்லியே, பாத்தீங்கல்ல. உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் வந்தது வேற. இவளுக்கு ஈரல்ல கொழுப்பு. இனிப்புதான் கொழுப்பா அங்கப் போய்ப் படியுது. நடக்காம வண்டியில போனா இன்னும் படியும். மருந்து இல்லன்னு அவங்க கைவுடல. சாப்பாடும் ஓட்டமும்தான் மருந்துன்னு சொன்னாங்க. வேரு, பச்சிலை ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. இத குடிச்சா ஈரல் தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

மருந்து கொடுக்கிறவர் சலித்துக்கொண்டார். "குடிக்கிறதுன்னா குடிங்க, ஆளு காத்துக்கினு இருக்குது."

மூத்தார் தரையைப் பார்த்துக்கொண்டே, மிக மெல்ல, மகளிடம் சொன்னார். "அப்போ நாந்தான் உன்னக் கெடுத்தனான்னு கேளு உங்கம்மாவ."

மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தம்ளரோடு நின்றாள். பிறந்ததிலிருந்து தூக்கிய சேதிகளில் இந்த ஒன்றை அவள் தூக்கவில்லை.

"நீயே கேளு பெரியப்பா" என்றாள்.

உரலில் யாரோ இடிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் என் சோற்றைத் தின்றவரின் கண்ணை அன்றுதான் நேராகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நானாம்மா கெடுத்தேன்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு வேறொரு வேர் வரும். "ஆமாம் மாமா" என்றேன். "தெரியாமத்தான். ஆனா ஆமாம்."

அவர் தம்ளரை மகள் கையிலிருந்து வாங்கித் திண்ணைமேல் வைத்தார். மருந்து கொடுக்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டார். எங்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, தான் மொபெட்டில் பின்னாலேயே வந்தார். மகள் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும், "வந்துக்கினு இருக்காரு மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பசிக்கிறது என்றாள். கச்சிராயபாளையத்தில் இறங்கி இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். எனக்குத்தான் இறங்கவில்லை.

அதற்கப்புறம் சில நாள் மூத்தார் சாப்பிட வரவில்லை. கூட்ரோட்டு ஓட்டலில் தின்றுகொண்டு கிடந்தார். வீட்டுக்காரர் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. ஊரில் பேச்சு கிளம்பியது. மூத்தாரை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசியவள் என்று என் பெயர் தெருத்தெருவாகப் போய் வந்தது. போகட்டும் என்று இருந்தேன். ஆனால் மகள் சாயங்காலத்தில் கயிறு தாண்டும்போது அவர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே தாண்டினாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே அவர் வாசலில் போய் நின்று, "மாமா, களி ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரி வேடிக்கை பார்த்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னொரு முறை சத்தமாகவே கூப்பிட்டேன். அவர் வந்தார். அன்றைக்குக் குழம்பைத் தாளித்திருந்தேன். உப்பும் போட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குது" என்றார். காற்றைப் பார்த்துத்தான் சொன்னார், பரவாயில்லை.

மொபெட் புளியமரத்துத் திருப்பத்தில் நிற்பது நின்றது. அவர் மகளோடு பள்ளிக்கூடம் வரை நடந்தார். முழங்கால் வலிக்காரர், பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போவார். அவள் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி ஓடி வந்து அவரைக் கூப்பிடுவாள். அதில் அவளுக்கு இரட்டிப்பு ஓட்டம் கிடைத்தது. டேப் முதலில் அசையவில்லை. பிறகு ஒரு நாள் யூனிபார்ம் பாவாடை இடுப்பிலிருந்து தானாகவே நழுவியது. நான் உள்தையலைப் பிடித்தேன். பிடிக்கும்போது ஊசிக்கு நூல் கோக்க முடியாமல் கண் மறைத்தது.

அடுத்த பரிசோதனைக்கு மூத்தாரும் வந்தார். உள்ளே வர மாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்றுகொண்டார். டாக்டரம்மா இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் மகளின் கையை நசுக்கியிருக்கிறேன், பிறகு அவள்தான் சொன்னாள். இறங்கியிருந்தது. முழுதாகப் போகவில்லை, ஆனால் இறங்கியிருந்தது. இப்படியே போங்கள் என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மூத்தார் தம்பியைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை. என்னிடம் வந்து, "இன்னா சொன்னாங்கம்மா?" என்றார்.

"கொறைஞ்சிருக்குது மாமா. இன்னும் கொஞ்சம் இருக்குதாம்."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு யோசித்து யோசித்து ஒன்று கேட்டார். "அப்போ இனிமே பாப்பாவுக்கு நான் இன்னாதான் வாங்கிக் குடுக்குறது?"

"ஒண்ணும் குடுக்காதீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே வேணாம் மாமா."

பேருந்து நிலையத்தில் கரும்புச்சாறு வண்டி நின்றிருந்தது. சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கை ஒலித்துக்கொண்டே இருந்தது. நல்ல வெயில். மகள் அந்தப் பக்கம் பார்த்தாள், எச்சிலை விழுங்கினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். மூத்தாரின் கை வழக்கம்போலச் சட்டைப் பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. பிறகு அதை வெறுங்கையாகவே வெளியே எடுத்து, மகளுக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பேருந்து வரும்வரை அப்படியேதான் நின்றார்.